இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம்: அதன் தரத்தை அறிவது எங்ஙனம்?

சில மாதங்களுக்கு முன், முன்னொரு காலத்தில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் என் வீடு தேடி வந்தார். அவருடைய தந்தையாருக்கு ஈரலிற் புற்றுநோய். இனி நோயை மாற்ற மருந்தில்லை, வேதனையில்லாமல் வைத்திருப்பதே செய்யத்தக்கது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு ஆளில்லை, தாயார் தாமே நோயாளி, தம்பி கனடாவில். இத்தகைய நோயாளரை ஏற்றுப் பராமரிக்கும் இல்லங்கள் இரண்டின் விலாசங்களை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டு, "சேர், இவற்றில் எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடம் நடத்துபவனிடம் இதனை ஏன் கேட்கவேண்டும் என்று நீங்கள் எண்ணலாம். என் தமக்கையாரை அப்படிப்பட்ட ஓர் இல்லத்திற் சேர்த்து, அது தகுந்த இடமன்று என்பதைக் காலந்தாழ்த்தி அறிந்தவன் நான் என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே வந்தார். அன்று அவருக்குச் சொன்னவற்றையும், சொல்லும்போது மறந்து பின்னர் நினைவுக்கு வந்தவற்றையும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

ஹொஸ்பிஸ் என்ற ஆங்கிலச் சொல் முற்காலத்தில் யாத்திரிகர் தங்கும் மடத்தைக் குறித்தது. மரணத்தை நெருங்கியவர்களுக்கென அப்பெயருடன் ஓர் இல்லத்தை 1879 ஆம் ஆண்டில் அயர்லாந்துக் கன்னியாஸ்திரீகள் டப்ளின் நகரில் தொடங்கினார்கள். அதே சபையினர் 1905 இல் லண்டன் மாநகரின் கிழக்கே ஹக்னி என்னுமிடத்தில் புனித சூசையப்பர் இல்லத்தை நிறுவினார்கள். அங்கே அன்பு இருந்தது, தூய்மை இருந்தது, செபமும் இருந்தது. வலியை முறையாக அடக்கும் வித்தை மாத்திரம் இன்னும் வந்து சேரவில்லை. அதனை அங்கே கொண்டுவந்தவர் சிசிலி சோண்டர்ஸ் என்னும் அம்மையார்.

இவ்வம்மையார் முதலில் தாதியாகப் பயின்றவர். முதுகு நோவினால் அத்தொழிலை விட்டு, வைத்தியசாலையில் நோயாளரின் குடும்பக் காரியங்களைக் கவனிக்கும் உத்தியோகத்தை ஏற்றார். அங்கே, வார்சோவிலிருந்து அகதியாக வந்த டேவிட் தஸ்மா என்னும் யூதர் ஒருவர் புற்றுநோயால் மடிந்துகொண்டிருந்தார். உற்றார் ஒருவருமில்லாத அம்மனிதரோடு சோண்டர்ஸ் நெடுநேரம் பேசியிருப்பார். வலியோடு இறப்பவர்களுக்கென ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் அப்பேச்சுகளிலேதான் உருவாயிற்று. 1948 இல் தஸ்மா இறந்தபோது, அந்த இல்லத்தில் ஒரு சாளரமாகத் தாம் இருக்கவேண்டுமென்று சொல்லி, ஐந்நூறு பவுணை அம்மையாருக்கு விட்டுச் சென்றார். இல்லமோ அப்போது கனவிலேதான் இருந்தது. அம்மையார் மீண்டும் மாணவியாகி வைத்தியம் படித்து, 1957 இல் வைத்தியராகி, மறு ஆண்டிலிருந்து ஹக்னி இல்லத்திற் பணிபுரிந்து, 1967 இல் லண்டனின் தென்பகுதியிலே புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். இன்று உலகெங்குமுள்ள இத்தகைய இல்லங்களுக்கு அதுவே முன்மாதிரி. 2005 இல் அம்மையார் உயிர் நீத்ததும் அவ்வில்லத்திலேயே. தாம் சமைத்ததைத் தாமே உண்ண அஞ்சாத சமையற்காரரை நம்பலாமல்லவா?

சோண்டர்ஸ் செய்த பெருங்காரியம் யாது? வலி வந்த பின் மருந்து கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, வலி வருமுன் மணி பார்த்து மருந்து கொடுக்கும் முறையை நிலைநாட்டியமைதான். கேட்பதற்கு எளிய மாற்றமாகத் தோன்றும். ஓர் இல்லத்தின் தரத்தை அளக்க விரும்புவோர் இந்த ஒன்றைச் செவ்வையாக விளங்கிக்கொண்டாற் பாதி வேலை முடிந்தது. ஆதலால் இதனைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கடுமையான புற்றுநோய் வலிக்கு மோர்பின் என்னும் மருந்தே இன்றும் முதன்மையானது. சாதாரண மோர்பின் குளிசையோ பானமோ ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் வேலை செய்யும். காலை ஆறு மணிக்குக் கொடுத்தால் பத்து மணிக்கு அதன் வலு குன்றும். பத்து மணிக்கு அடுத்த வேளையைக் கொடுத்துவிட்டால் நோயாளி வலியைக் காணமாட்டார். கொடாமல், அவர் முனகும்வரை, பின்பு அழும்வரை, பின்பு தாதியை அழைக்கும்வரை, பின்பு தாதி வைத்தியரை அழைக்கும்வரை காத்திருந்தால், அதற்குள் வலி மலையாகிவிடும். அந்த மலையை இறக்குவதற்குக் கூடுதலான மருந்து வேண்டும். கூடுதலான மருந்து மயக்கத்தைத் தரும். மயக்கம் தெளியும்போது வலி மீண்டும் வரும். இப்படி நான்கு நாள் சென்றால் நோயாளி வலிக்கு மாத்திரமன்றி, வரப்போகும் வலியை எண்ணியும் நடுங்கத் தொடங்குவார். அந்த நடுக்கமே வலியைப் பெருக்கும். மணி பார்த்து மருந்து கொடுக்கும் இடத்தில் இச்சுழல் தொடங்குவதேயில்லை.

1986 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கெனச் சில விதிகளை வெளியிட்டது. கூடியவரை வாயினாற் கொடு, மணி பார்த்துக் கொடு, வலியின் வன்மைக்கேற்பப் படிப்படியாக ஏற்று என்பன அவற்றின் சாரம். மணிக்கணக்கில் கொடுக்கும் வேளைகளுக்கிடையே வலி திடீரென மேலெழுந்தால் உடனே கொடுப்பதற்கு ஒரு மேலதிக வேளையும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். "எழுதப்பட்டிருக்க வேண்டும்" என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க. நள்ளிரவில் நிற்கும் தாதி, எழுதப்பட்டதைக் கொடுக்கலாம். எழுதப்படாததை அவர் தம் இஷ்டப்படி கொடுக்க இயலாது.

மோர்பின் கொடுத்தால் நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவார் என்று நம்மிடையே ஓர் அச்சமுண்டு. படித்தவர்களிடத்திலும் உண்டு, சில வைத்தியர்களிடத்திலும் உண்டு. வலிக்கு அளவாக, மேற்பார்வையோடு கொடுக்கப்படும் மோர்பினால் இறுதிக்கால நோயாளர் அடிமைப்படுவது அரிது. உறுதியாக வரக்கூடிய தொல்லை வேறொன்று: மலச்சிக்கல். மோர்பின் எடுப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அது வரும். சில வேளைகளிற் புற்றுநோய் வலியிலும் அதிகமாக வருத்தும். ஆகையால் மோர்பின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கும் மருந்தையும் தொடங்குவது தொழில் தெரிந்தவர்களின் வழக்கம். நான் என் மாணவருக்குச் சொன்ன முதற் புத்திமதி இதுதான். "அங்கே போனால் தோட்டத்தைப் பாராதே. நோயாளர் மலங்கழித்த நாளைக் குறித்து வைக்கிறார்களா என்று கேள்." அவர் சிரித்தார். இது சிரிக்கும் விஷயமன்று. இதனை நாள்தோறும் கேட்டு எழுதி வைக்கும் இல்லம், மற்றவற்றையும் பெரும்பாலும் சரியாகச் செய்யும்.

இனி என் தமக்கையாரைப் பற்றிச் சொல்கிறேன். அந்த இல்லத்தின் பெயரும் ஊரும் இங்கு வேண்டா. நாங்கள் அதனைப் பார்க்கச் சென்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். வாசலில் செவ்வரத்தை பூத்திருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். வெள்ளைச் சீலை உடுத்த ஓர் அம்மையார் எங்களை இருத்தித் தேநீர் தந்தார். அறைகள் காற்றோட்டமாக இருந்தன. சுவாமி அறையில் விளக்கு எரிந்தது. முப்பது வருடமாகப் பள்ளிக்கூடங்களிற் பழகிய நான் அங்கேயே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். வித்தியாதரிசி வருகிறாரென்று தெரிந்தால் நாங்கள் சுவருக்கு வெள்ளையடித்து, முதல் வரிசையிற் கெட்டிக்காரப் பிள்ளைகளை இருத்துவோம். அறிவுள்ள வித்தியாதரிசி முதல் வரிசையைப் பாரார்; நேரே கடைசி வாங்குக்குப் போய், அங்கிருக்கும் பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பார்ப்பார். இந்த உபாயத்தை நன்கு அறிந்த நானே அன்று முதல் வரிசையை மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அக்கா அங்கே ஐந்து வாரம் இருந்தார். நாங்கள் பகலிற் போவோம். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பரவாயில்லைத் தம்பி" என்பார். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியைதான். முறையிடுவது அவர் சுபாவமன்று. ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் அவருடைய தலையணை உறையை மாற்றும்போது என் மகள் ஒரு மெல்லிய கொப்பியைக் கண்டாள். அக்கா அதில் இரண்டு கோடு இழுத்து அட்டவணை போட்டிருந்தார். ஒரு நிரலில், தாம் மணியடித்து அழைத்த நேரம். மறு நிரலில், ஆள் வந்த நேரம். 11.40 இற்கு அழைப்பு; 12.30 இற்கு ஆள். 1.15 இற்கு அழைப்பு. 3 மணிக்கு ஆள். சில இடங்களில் மறு நிரல் வெறுமையாகவே இருந்தது. அக்காவின் எழுத்து அச்சுப்போல இருக்கும். பிற்பக்கங்களில் அது கோணிப்போயிருந்தது. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. இரவில் இருபத்திரண்டு நோயாளருக்கு ஒரே ஒரு பெண். அவரும் பயிற்சி பெற்ற தாதியல்லர். வலிமருந்துகள் அலுமாரியிற் பூட்டப்பட்டிருக்கும். திறப்பு பொறுப்பாளரோடு அவர் வீட்டுக்குப் போய்விடும்.

அங்கிருந்தவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த இரவுப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாளாம். அவளிடம் இரக்கம் இருந்தது, திறப்பு இருக்கவில்லை. மறுநாளே அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அரச வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு வைத்தியர் ஒருவர் மோர்பினை மணி குறித்து எழுதித் தந்தார். என் மகள் கடிகாரத்தில் மணி வைத்து எழும்பி எழும்பிக் கொடுத்தாள். அக்கா இன்னும் பத்தொன்பது நாள் இருந்தார். முதலாம் இரவே உறங்கினார். அந்த உறக்கத்தைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஐந்து வாரத்தை எண்ணி வெட்கமே வந்தது.

ஆகவே, ஓர் இல்லத்தைப் பார்க்கச் செல்வோர் அதன் இரவைப் பற்றிக் கேட்கவேண்டும் என்பது என் துணிபு. இரவில் எத்தனை பேர் கடமையில் இருப்பர்? அவர்களுட் பயிற்சி பெற்ற தாதியர் எத்தனை பேர்? இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் அவர்கள் செய்வது என்ன? வைத்தியரை அழைத்துத்தான் மருந்து கொடுக்கவேண்டுமா, அன்றி முன்னரே எழுதப்பட்டிருக்குமா? மருந்து அலுமாரியின் திறப்பு யாரிடம்? இக்கேள்விகளுக்குப் பொறுப்பாளர் சொல்லும் பதிலைவிட அவர் பதில் சொல்லும் வகை முக்கியமானது. நல்ல இடத்தில் உடனே, விவரமாகச் சொல்வார்கள். நேற்றிரவு நடந்ததையே உதாரணங் காட்டுவார்கள். மற்ற இடத்தில், "நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்கவேண்டா, நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்பார்கள்.

வலியை அளக்கிறார்களா என்பதையும் பார்க்கவேண்டும். வலியில்லாமைக்குப் பூச்சியமும் தாங்கவொண்ணா வலிக்குப் பத்துமாக நோயாளியையே ஓர் எண் சொல்லச் செய்து குறிப்பது இன்று எங்கும் வழக்கம். வலி, களைப்பு, குமட்டல், மூச்சுத்திணறல், ஏக்கம் முதலியவற்றை ஒவ்வொன்றாக இவ்வாறு குறிக்கும் ஒரு பத்திரம் 1991 இல் கனடாவின் எட்மன்டன் நகரில் வகுக்கப்பட்டது. அது பல நாடுகளிற் பயன்படுகின்றது. பேச முடியாத நோயாளியிடம் நெற்றிச் சுருக்கத்தையும் முனகலையும் பார்த்து அறிவார்கள். நோயாளியின் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். நேற்று ஏழு, மருந்து கூட்டப்பட்டது, இன்று மூன்று என்று அதில் இருந்தால் அவ்விடத்தில் வேலை நடக்கிறது. கட்டில்தோறும் ஒரே எண் ஒரே மையில் இருந்தால், வரவிடாப்பை மாத முடிவில் ஒரேயடியாக நிரப்பும் ஆசிரியரை எனக்கு நினைவு வரும்.

படுக்கைப்புண்ணுக்குக் குதிகாலையும் இடுப்பின் கீழ்ப்புறத்தையும் பார்க்கவேண்டும். வாயைப் பார்க்கவேண்டும், உலர்ந்து வெடித்த உதடு, கவனிப்பாரில்லை என்பதற்குச் சாட்சி. மூச்சுத்திணறலுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால், முகத்துக்கு நேரே சிறு விசிறியால் காற்றுப் பிடிப்பது முதல் மோர்பினைச் சிறிய அளவிற் கொடுப்பது வரை சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

உணவு விஷயத்திலே நம்மவர்கள் இல்லத்தவரோடு முரண்படுவது அதிகம். இறுதி நாள்களிற் பசியும் தாகமும் தாமாகவே அடங்கும். சோறு தீத்தாவிட்டால் பட்டினியில் விட்டோம் என்று ஊர் பேசுமே என்று நாம் அஞ்சுகிறோம். சேலைன் ஏற்றச் சொல்லி வற்புறுத்துகிறோம். விழுங்க முடியாதவருக்குத் தீத்தினால் அது மூச்சுக்குழலிற் செல்லும்; அளவுக்கு மிஞ்சி ஏற்றிய நீர் காலிலும் நெஞ்சிலும் தேங்கும். இதனைக் குடும்பத்தாருக்கு இருத்திவைத்துப் பொறுமையாக விளக்குபவரும் உண்டு. பணம் வருகிறதென்று ஏற்றிவிடுபவரும் உண்டு. இறுதி வேளையில் வாயிற் பால் வார்க்கும் நம் வழக்கத்தை ஒரு தாதி கையாண்ட விதத்தை நான் கண்டிருக்கிறேன். அவர் தடுக்கவில்லை. பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, உதட்டை நனைக்கச் செய்தார். வழக்கமும் நிறைவேறியது, கிழவருக்குப் புரையேறவுமில்லை.

சோண்டர்ஸ் அம்மையார் முழுவலி என்ற பொருள்பட ஒரு சொற்றொடரை வழங்கினார். உடல் நோவோடு மனத்தின் அச்சமும், குடும்பக் கவலையும், இவ்வளவும் எதற்காக என்ற ஆன்மாவின் கேள்வியும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்பது அதன் கருத்து. நமது நாட்டில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. மணமாகாத மகள், மீட்காத காணி உறுதி, போரிற் காணாமற்போன மகன், லண்டனிலிருந்து வர விசா கிடைக்காத மற்றொரு மகன் ஆகிய இவையெல்லாம் கட்டிலருகே நிற்கின்றன. மருந்து கூட்டியும் வலி குறையாத போது, "ஐயா, உங்கள் மனத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்க ஒருவர் அங்கே இருக்கிறாரா? வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் முகத்தைத் தொலைபேசியிற் காட்ட நேரங்கெட்ட நேரத்திலும் இடங்கொடுப்பார்களா? சைவருக்குத் திருநீறும் தேவாரமும், கத்தோலிக்கருக்குக் குருவானவரின் எண்ணெய் பூசுதலும், இஸ்லாமியருக்குக் கலிமாவும், பௌத்தருக்குப் பிரித்தும் தடையின்றிக் கிடைக்குமா? உறவினர் வருவதற்கு நேரக் கட்டுப்பாடு உண்டா? இறந்துகொண்டிருப்பவரைப் பார்ப்பதற்கு மாலை நான்கிலிருந்து ஐந்துவரை என்று எழுதிப் போட்டிருக்கும் இடத்தை நான் நல்லதென்று சொல்லத் தயங்குவேன்.

நோயை மாற்றித் தருவோம் என்று சொல்லும் இடத்தைப் பற்றித் தயக்கமே வேண்டா. அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கட்டணம் உள்ள இடமாயின் மாதத் தொகைக்குள் அடங்குவன எவை, அடங்காதன எவை என்பதை எழுத்திற் பெறுவதும் நலம்.

மேல்நாடுகளில் இவ்வில்லங்களை அளக்கும் முறைகள் பல உண்டு. இங்கிலாந்திலே அரசு அமைத்த ஆணைக்குழு ஒன்று ஒவ்வோர் இல்லத்தையும் ஐந்து கேள்விகளாற் சோதிக்கின்றது: பாதுகாப்பானதா, பயன் தருவதா, பரிவுள்ளதா, நோயாளியின் தேவைக்கு இணங்குவதா, தலைமை நன்றா என்பன அவை. அமெரிக்காவிலே 1983 முதல் முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியே இப்பராமரிப்புக்குப் பணம் செலுத்துகின்றது. அங்கே பெரும்பாலும் தாதியர் நோயாளியின் வீட்டுக்கே வருவர். பணம் நாட்கணக்கிற் கிடைப்பதால், குறைவாக வந்து நிறைய உழைக்கும் நிறுவனங்களும் தோன்றின. 2012 முதல் 2016 வரை நடந்த சோதனைகளை ஆராய்ந்து அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களத்தின் கண்காணிப்பு அலுவலகம் 2019 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சோதிக்கப்பட்ட நிறுவனங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவற்றில் ஒரு குறையேனும் இருந்ததாக அது கூறிற்று. பணமும் சட்டமும் நிறைந்த நாட்டிலேயே நிலைமை இது.

ஆயினும் அமெரிக்கர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. நோயாளி இறந்து சில மாதங்கள் சென்றபின், அவரைப் பராமரித்த குடும்பத்தவருக்கு ஒரு வினாப்பத்திரம் அனுப்பப்படுகின்றது. நாடு முழுவதற்குமாக இது 2015 இல் தொடங்கிற்று. வலிக்கு வேண்டிய உதவி கிடைத்ததா, இரவிலும் விடுமுறையிலும் அழைத்தபோது உதவி வந்ததா, நீங்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்களா என்றெல்லாம் அதில் வினாக்கள் உண்டு. விடைகளைத் தொகுத்து எல்லோரும் பார்க்க வெளியிடுகிறார்கள். நமக்கு அத்தகைய பத்திரம் இல்லை. எனினும் அதன் தத்துவத்தை நாம் கடன் வாங்கலாம். ஓர் இல்லத்தைப் பற்றி அறிய, அங்கே யாரையாவது இழந்த குடும்பம் ஒன்றைத் தேடிப் போங்கள். செத்தவீட்டுக் கிரியைகள் முடிந்து ஆறு மாதம் சென்றபின் அவர்கள் சொல்வது பொய்யாக இராது. மரணத்தின் பின் இல்லத்திலிருந்து ஒருவராவது வந்து விசாரித்தாரா என்றும் கேளுங்கள்.

நமது நாட்டு நிலையையும் சொல்லவேண்டும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து கோடியே அறுபத்தெட்டு இலட்சம் பேருக்கு இப்பராமரிப்பு வேண்டியிருக்கிறதென்றும், அது கிடைப்பது நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மாத்திரமே என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2015 இல் லண்டனிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் எண்பது நாடுகளை இவ்விஷயத்தில் ஒப்பிட்டது. பிரித்தானியா முதலிடம் பெற்றது. இலங்கையும் இந்தியாவும் கடைசிப் பகுதியிலேயே நின்றன. பிள்ளைப்பேற்றிலும் தடுப்பூசியிலும் பெயர் பெற்ற நமது இலவசச் சுகாதார சேவைக்கு இது பெருமை தருவதன்று. மஹரகமையிலே புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவண போன்ற இல்லங்கள் நெடுங்காலமாகத் தொண்டாற்றி வருகின்றன. இப்பராமரிப்பை வளர்ப்பதற்கென 2019 முதல் 2023 வரையான ஒரு தேசியத் திட்டத்தையும் சுகாதார அமைச்சு வகுத்தது. தேவையின் அளவை நோக்க இவை போதா.

இல்லம்தான் வேண்டுமென்பதுமில்லை. நம் அயலிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். 1993 இல் கோழிக்கோட்டு வைத்தியக் கல்லூரியில் வைத்தியர்கள் சிலர் வலிதணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது மருத்துவமனையை விட்டு ஊருக்குள் இறங்கியது. கடைக்காரரும் மாணவரும் ஆசிரியரும் பயிற்சி பெற்று, தாதியரோடு வீடுவீடாகச் சென்று நோயாளரைப் பார்க்கும் வழக்கம் பரவியது. 2008 இல் மாநில அரசும் அதனைத் தன் கொள்கையாக ஏற்றது. தாய்தந்தையரை இல்லத்திற் சேர்ப்பது பாவம் என்று நம்மிற் பலர் பேசுகிறோம். வீட்டிலே வைத்து வலியோடு துடிக்கவிடுவதற்கு என்ன பெயரிடுவது என்று அவர்களைத்தான் கேட்கவேண்டும். எங்கே வைத்திருக்கிறோம் என்பதை நோயாளியின் உடல் பாராட்டுவதில்லை.

என் மாணவர் இரண்டு இல்லங்களையும் போய்ப் பார்த்தார். இரண்டிலும் தோட்டம் இருந்தது. அவர் செய்த உபாயம் எனக்குத் தோன்றாத ஒன்று. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு எழும்பி இரு இடங்களுக்கும் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். ஓரிடத்தில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மற்ற இடத்தில் ஒரு தாதி எடுத்தார். இவர் தயங்கித் தயங்கி, தந்தை இன்னும் அங்கே சேரவில்லை, சேர்ப்பதுபற்றி யோசிக்கிறோம் என்று சொல்ல, அந்தத் தாதி சினக்கவில்லை. "அவருக்கு இப்போது வலி இருக்கிறதா?" என்று கேட்டாராம்.

தந்தையார் அங்கே முப்பத்தொரு நாள் இருந்தார். நானும் இருமுறை போய்ப் பார்த்தேன். பத்திரத்தில் வலி இரண்டுக்கு மேல் ஏறவில்லை. இரண்டாம் முறை போனபோது அவர் என்னை அருகே அழைத்து ஒரு முறைப்பாடு சொன்னார். தேநீருக்குச் சீனி அள்ளிப் போடுகிறார்களாம். எத்தனை தரம் சொல்லியும் கேட்கிறார்களில்லையாம்.